இரண்டடி மீன் தொட்டி, போர் தண்ணீர் டிடிஎஸ் 900, சென்னை வெயில்: செடி நிற்குமா?

#1 புதுக்குளம்

எல்லாருக்கும் வணக்கம். 24×12×15 அங்குலத் தொட்டி, 6 மி.மீ. கண்ணாடி. இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. வீடு வேளச்சேரியில் இரண்டாம் மாடி. போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 900, சமையலறை ஆர்.ஓ. தண்ணீர் 30 காட்டுகிறது. மே மாதம் ஹாலில் 33 டிகிரி வரை போகும், ஏசி கிடையாது. மீனை விடத் தண்ணீருக்குள் வளரும் செடிதான் முக்கியம். கடையில் எழுதிக் கொடுத்த பட்டியல்: ஹீட்டர், கல் உப்பு ஒரு பாக்கெட், கலர் கல் 10 கிலோ, 24 வாட் எல்இடி, பாசி தின்ன சக்கர் மீன் இரண்டு. இதில் எதெல்லாம் வேண்டும்?

#2 கூழாங்கல்

பட்டியலில் எல்இடி மட்டும் இருக்கட்டும், அதையும் குறைத்துத்தான் எரிக்கணும். சென்னையில் ஹீட்டருக்கு வேலையே இல்லை. உங்கள் எதிரி சூடு, குளிர் இல்லை. கல் உப்பு நோய் வந்த மீனுக்கு, தனி வாளியில். செடித் தொட்டியில் போட்டால் இலை கருகும். கலர் கல் வேண்டாம்: மட்டமான சாயம் உரியும், பருமனான கல்லில் வேர் பிடிக்காது. சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும், தொட்டியே இரண்டடி. வளர்ந்ததும் ஏரியில் கொண்டு விடுகிறார்கள், இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் அது வலை கிழிக்கும் தொல்லை.

தொட்டி கணக்குக்கு 70 லிட்டர். மண், கல், மேலே விடும் இரண்டு அங்குல இடைவெளி போக உண்மையில் 55 லிட்டர்தான். மருந்து, உரம் எல்லாவற்றையும் 55ஐ வைத்தே கணக்கிடுங்கள். மொத்த எடை நூறு கிலோவை ஒட்டி வரும், அதனால் ஸ்டாண்டை நீர்மட்டம் வைத்துச் சரிபாருங்கள். தொட்டிக்கு அடியில் 12 மி.மீ. தெர்மாகோல் கட்டாயம். ஒரு சின்ன மணல் துகள் அடியில் மாட்டினாலும் கண்ணாடி விரிசல் விடும்.

பில்டர் மணிக்கு 300–400 லிட்டர் தள்ளினால் போதும். வயர் எல்லாம் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறணும், அப்போதுதான் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது.

#3 நீர்ப்பிரமி

டிடிஎஸ் 900 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்தப் பேனா தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று சொல்லும், என்ன உப்பு என்று சொல்லாது. கால்சியம், மெக்னீசியமாக இருந்தால் செடிக்கு உணவு. கடலோரப் போர்களில் பாதி சமையல் உப்பாகவே இருக்கும், அது செடிக்கு ஒன்றும் தராது. சொட்டு டெஸ்ட் கிட் வாங்கி ஜிஹெச் (கால்சியம், மெக்னீசியம் அளவு), கேஹெச் (பைகார்பனேட் அளவு) இரண்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. மாடியில் சாஃப்ட்னர் பொருத்தியிருந்தால் அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டு சோடியத்தை விடும். கேஹெச் அப்படியே நிற்கும், டிடிஎஸ்ஸும் குறையாது. சோப்பு நுரைக்கும், செடி வாடும்.

#4 புதுக்குளம்

சாஃப்ட்னர் இல்லை. ஜிஹெச் 22, கேஹெச் 14, பிஹெச் 8.2.

#5 நீர்ப்பிரமி

அப்படியென்றால் ஜிஹெச் ஏறக்குறைய 390 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்; ஜிஹெச் ஒரு டிகிரி 17.9), கேஹெச் 250. நல்ல சுண்ணாம்புத் தண்ணீர். ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்தால் டிடிஎஸ் 250 அளவில் நிற்கும், ஜிஹெச் 5 முதல் 6, கேஹெச் 3 முதல் 4. பெரும்பாலான செடிகளுக்கு இது சுகமான இடம். முதல் முறை நிரப்ப 14 லிட்டர் போர், 41 லிட்டர் ஆர்.ஓ. அதன் பிறகு வாராவாரம் மாற்றும் 15 லிட்டரில் 4 போர், 11 ஆர்.ஓ. வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் செடி நட வேண்டாம். கேஹெச் பூஜ்யத்துக்குப் போனால் பிஹெச் ஒரே இரவில் சரியும்.

ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீட்டைத் துடைக்க வையுங்கள், தொட்டிக்குள் கொண்டுவராதீர்கள்.

லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ வந்தால் குளோரின் இருக்கும். சோடியம் தயோசல்பேட் 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 20 லிட்டருக்கு 2–3 மில்லி விட்டுக் கலக்கினால் சரி.

#6 கிணத்தடி

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது, கலக்கிறதுக்கு ஆர்.ஓ. இல்லாத ஆக்களும் செடி வளர்க்கினம். கடினத் தண்ணி எண்டு பயப்பிடத் தேவையில்லை, செடியைத்தான் அதுக்கேத்த மாதிரித் தெரியவேணும். வாலிஸ்நேரியா தண்ணியில இருக்கிற பைகார்பனேட்டையே கரியமிலவாயுவுக்குப் பதிலா எடுத்து வளரும், அதாலதான் கடினத் தண்ணியில காடு மாதிரி போகும். வேலம்பாசியும் அப்பிடித்தான். கிரிப்டோகோரைன் வென்ட்டி (கிரிப்ட்) இலங்கைச் செடி, 30 பாகை சூட்டையும் தாங்கும். அனூபியாசும் எந்தத் தண்ணியிலயும் நிக்கும்.

ஜாவா பாசி, புசிபாலாண்ட்ரா ரெண்டும் உங்கட சூட்டுக்கு ஏலாது, 30ஐத் தாண்டினா சோரும். சிவப்புச் செடியளை முதல் ஆறு மாசத்துக்கு மறந்திடுங்கோ.

#7 புதுக்குளம்

நன்றி அண்ணா. அடியில் என்ன போடுவது? அக்வாசாயில் (செடித் தொட்டிக்கான உருண்டை மண்) 9 லிட்டர் மூட்டை, எம்-சாண்ட், செம்மண் என்று மூன்று பேர் மூன்று சொல்கிறார்கள்.

#8 கூழாங்கல்

60×30 செ.மீ. அடிப்பரப்புக்கு 9 லிட்டர் மூட்டை சரியாக 5 செ.மீ. கனம் வரும். முன்னால் 3, பின்னால் 7 என்று சரித்துக் கொடுங்கள். அக்வாசாயில் கேஹெச்சை உறிஞ்சும். கேஹெச் 14 தண்ணீரை நேராக ஊற்றினால் அந்தச் சக்தி சீக்கிரமே தீர்ந்துவிடும், காசு வீண். கலந்த தண்ணீர் என்றால் பல மாதம் தாங்கும். முதல் மூன்று நான்கு வாரம் அதுவே அமோனியா விடும். அந்தக் காலத்தில் வாரம் இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றணும், மீன் விடவே கூடாது. மூட்டையைக் கழுவாதீர்கள், உருண்டை கரைந்து சேறாகும்.

சிக்கனம் வேண்டுமானால் 1–2 மி.மீ. சிலிகா மணல், நீச்சல் குளப் பில்டருக்கு விற்பது. அதில் சத்து இல்லை. கிரிப்ட், வாலிஸ்நேரியா வேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூட் டேப் (உர மாத்திரை) புதைக்கணும். எம்-சாண்ட் கருங்கல் பொடிதான், கெடுதல் இல்லை. ஆனால் தூள் அதிகம், இருபது தடவை கழுவினாலும் கலங்கும்.

எந்த மணலாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. ஒரு கைப்பிடி மணலைக் கழுவி உலர்த்தி, கண்ணாடித் தம்ளரில் போட்டு, மூழ்கும் அளவு வினிகர் ஊற்றுங்கள். காதருகே வைத்துக் கேளுங்கள். சன்னமான சிர்ர் சத்தமும் மணலுக்கு நடுவிலிருந்து ஊசி முனை அளவு குமிழி வரிசையும் வந்தால் சுண்ணாம்பு, கிளிஞ்சல் கலந்திருக்கிறது. கடற்கரை மணல் பெரும்பாலும் இதில் தோற்கும். அலங்காரக் கல்லுக்கும் இதே சோதனைதான்.

#9 வேலம்பாசி

மண்ணுக்கு ஏன் அவ்வளவு செலவு? சலித்த செம்மண் 2.5 செ.மீ., அதன் மேல் மணல் 3 செ.மீ. முடிந்தது. வாலிஸ்நேரியாவுக்கு இதைவிட நல்ல படுக்கை கிடையாது. செம்மண்ணில் இரும்பு இருக்கிறது, அடியில் காற்றில்லாத இடத்தில் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும்.

செய்முறை: மண்ணை வாளியில் ஊறவைத்து மேலே மிதக்கும் சருகு, வேரை எடுத்து ஊற்றுங்கள். வெயிலில் காய வையுங்கள். இப்படி நான்கைந்து முறை. சாணி, மண்புழு உரம் எதுவும் கலக்காதீர்கள். அடுக்கு 2.5 செ.மீ.க்கு மேல் போகவே கூடாது. போனால் அடியில் அழுகல், கிளறினால் அழுகின முட்டை நாற்றம்.

#10 கூழாங்கல்

முறை சரி, ஆளுக்குச் சரியில்லை. புதிதாக வைப்பவர் முதல் மாதத்தில் செடியை நாலு முறை பிடுங்கி மாற்றி நடுவார். ஒவ்வொரு முறையும் செம்மண் மேலே வந்து தொட்டி டீ டிகாக்‌ஷன் ஆகும். மண் அடுக்கு வைத்தால் நட்டது நட்டபடி இருக்கணும். அந்த நிதானம் இருந்தால் செம்மண், இல்லாவிட்டால் மணலும் ரூட் டேப்பும்.

#11 வேலம்பாசி

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "காசு அதிகம் போட்டால் செடி நன்றாக வரும்" என்ற கடைக்காரர் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

#12 புதுக்குளம்

சிலிகா மணல், ரூட் டேப் என்று முடிவு. நான் பிடுங்கி நடுவேன், தெரியும். வெளிச்சமும் கரியமிலவாயுவும்? பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுச் செய்யலாம் என்று வீடியோவில் பார்த்தேன்.

#13 நீர்ப்பிரமி

சர்க்கரை 200 கிராம், ஈஸ்ட் கால் டீஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணீர். வாயு வரும், சந்தேகமில்லை. 32 டிகிரியில் முதல் மூன்று நாள் பொங்கிக்கொண்டு வரும், பிறகு தேயும், பத்து நாளில் நிற்கும். ராத்திரியும் நிற்காது. இந்த ஏற்ற இறக்கம்தான் இலை ஓரத்தில் கருந்தாடிப் பாசி வர முதல் காரணம். கரியமிலவாயு விட்டால் சிலிண்டர், ரெகுலேட்டர், சோலனாய்டு, செக் வால்வு, டிஃப்யூசர் என்று முழுதாக விடுங்கள். இல்லையென்றால் விடவே வேண்டாம். உங்கள் செடிப் பட்டியலுக்குத் தேவையில்லை.

வெளிச்சத்தைக் கரியமிலவாயுதான் தீர்மானிக்கணும். வெளியே இருந்து விடாத தொட்டியில் 2–3 பிபிஎம்தான் கரைந்திருக்கும். அந்த அளவுக்கு 10 வாட், ஆயிரம் லூமென் இரண்டடி எல்இடி பட்டையே போதும், 6500 கெல்வின். நாளுக்கு ஆறு மணி நேரம், டைமர் போட்டு. 24 வாட் விளக்கை எரித்தால் செடிக்குப் பசி எடுக்கும், சாப்பாடு இருக்காது. அந்த வெளிச்சத்தைப் பாசி சாப்பிடும்.

பிற்காலத்தில் சிலிண்டர் வைத்தால்: நொடிக்கு ஒரு குமிழியில் தொடங்குங்கள். விளக்குக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே திறந்து, அணைய ஒரு மணி நேரம் முன்பே மூடுங்கள். பிஹெச் ஒரு புள்ளி இறங்கினால் கரியமிலவாயு பத்து மடங்கு ஏறியிருக்கிறது, அதுவே 20–30 பிபிஎம். டிராப் செக்கர் (கரியமிலவாயு அளவை நிறத்தில் காட்டும் குப்பி) நிறம் மாற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதைப் பார்த்து அவசரமாகக் கூட்டினால் மீன் மேலே வந்து வாய் திறக்கும்.

#14 உரக்கடை

உரத்துக்கு மீன் கடைப் பாட்டில் வாங்காதீங்க. விவசாய உரக்கடையில் சொட்டுநீருக்கு விற்கும் கரையும் உரமே அதே சரக்கு. 13-0-45 என்றால் பொட்டாசியம் நைட்ரேட், 0-52-34 என்றால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். கிலோ பாக்கெட் இருந்தால் உங்கள் தொட்டிக்குப் பேரன் காலம் வரை வரும்.

250 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் 13-0-45 25 கிராம், 0-52-34 2.5 கிராம். நகை எடை பார்க்கும் சின்னத் தராசு வேண்டும், ஸ்பூன் கணக்கு வேண்டாம். இதில் 5 மில்லி விட்டால் 55 லிட்டரில் நைட்ரேட் 5.6 பிபிஎம், பாஸ்பேட் 0.6, பொட்டாசியம் 3.8 ஏறும். வாயு விடாத தொட்டிக்கு வாரம் ஒருமுறை, தண்ணீர் மாற்றிய பிறகு. மீன் நிறைய வந்தபின் நைட்ரேட் 20ஐத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளலாம்.

இரும்பும் நுண்சத்தும் தனிப் பாட்டில், தனி நாள். பாஸ்பேட்டோடு சேர்த்தால் இரும்பு படிந்துவிடும். பாக்கெட்டில் எந்தக் கீலேட் (இரும்பைப் படியாமல் பிடித்து வைக்கும் பொருள்) என்று பாருங்க: இடிடிஏ இரும்பு பிஹெச் 6.5க்கு மேல் நிலைக்காது, டிடிபிஏ 7.5 வரை தாங்கும். உங்கள் தண்ணீருக்கு டிடிபிஏ.

எந்தச் சத்து குறைவு என்று இலையைப் பார்த்தே பாதி தெரியும். பழைய இலையில் ஊசித் துளை, சுற்றி மஞ்சள் என்றால் பொட்டாசியம். பழைய இலை முழுதும் வெளுத்து உதிர்ந்தால் நைட்ரேட். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்பு.

#15 கிணத்தடி

நடுற அண்டைக்கு முதல், செடியளைப் படிகாரக் கரைசலில ரெண்டு மணித்தியாலம் ஊற விடுங்கோ, நாலு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி. நத்தையளும் முட்டையளும் பெரும்பாலும் போகும். பிறகு நல்லா அலசவேணும்.

முதலே தொட்டியை நிரப்பிப்போட்டு நடாதேங்கோ. மணல் ஈரமா, தண்ணி ரெண்டு விரல்கிடை நிக்கேக்க நடுறதுதான் சுகம். கிரிப்டின்ர வேரை ரெண்டு அங்குலத்துக்கு வெட்டி, இடுக்கியால வேர் நுனியில பிடிச்சு, சாய்வா மணலுக்குள்ள தள்ளி, இடுக்கியைத் தளர்த்தி ஆட்டி ஆட்டி எடுத்தா செடி மேல வராது. பிறகு கழுத்துத் தெரியிற மட்டும் மெல்லமா மேல இழுத்து விடுங்கோ. கழுத்து மண்ணுக்குள்ள போனா அழுகும். அனூபியாசின்ர கிழங்கைப் புதைக்கவே கூடாது, நூலால கல்லில கட்டுங்கோ. பிறகு மணல் மேல பிளாஸ்டிக் பை ஒண்டை விரிச்சு, அதுக்கு மேல மெல்லமாத் தண்ணி.

அடிப்பரப்பில முக்கால்வாசி முதல் நாளே செடி இருக்கவேணும். காசு பத்தாட்டி வேலம்பாசியும் நீர்ப்பிரமியும் குத்துக்குத்தா நட்டு நிரப்புங்கோ, பிறகு கழிக்கலாம். மேல சல்வினியா கொஞ்சம் மிதக்க விட்டா அமோனியாவையும் குடிக்கும், வெளிச்சத்தையும் மறைக்கும்.

#16 புதுக்குளம் (மூன்று வாரம் கழித்து)

நட்டு 20 நாள். கிரிப்ட் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி உதிர்கின்றன. கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூசி, விரலால் தேய்த்தால் போகிறது. மரக்கட்டையில் வெள்ளையாக சளி போல் படர்ந்திருக்கிறது. அமோனியா 0, நைட்ரைட் 1 பிபிஎம். விளக்கு 24 வாட்தான் (வாங்கிவிட்டேன்), ஒன்பது மணி நேரம்.

#17 கூழாங்கல்

நான்கு விஷயத்தில் மூன்று இயல்பானவை. பழுப்புத் தூசி டயாட்டம் என்ற பாசி, புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், இரண்டு மாதத்தில் தானே போகும். அதுவரை கண்ணாடியைப் பஞ்சால் துடையுங்கள். மரக்கட்டைச் சளி பூஞ்சணம், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சிவிடுங்கள்.

கிரிப்ட் இடம் மாறினாலே உருகும். பெரும்பாலும் பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்த்தது, அந்த இலை தண்ணீருக்குள் நிற்காது. உருகிய இலையை அடியோடு கத்தரித்து எடுங்கள், செடியைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். கிழங்கை நகத்தால் அழுத்தினால் பச்சைக் கடலை மாதிரி கெட்டியாக இருக்கணும். கொழகொழவென்றால்தான் தூக்கிப் போடணும். கெட்டியாக இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் நடுவிலிருந்து சுருட்டிய புது இலை வரும்.

நான்காவது விளக்கு. இன்றைக்கே ஆறு மணி நேரமாக்குங்கள். டிம்மர் இருந்தால் பாதி. இல்லாவிட்டால் விளக்கை ஒரு சாண் மேலே தூக்குங்கள். இப்போது குறைக்காவிட்டால் டயாட்டம் போன இடத்தில் பச்சை நூல் பாசி உட்காரும், அது தானே போகாது.

#18 நீர்ப்பிரமி

நைட்ரைட் 1 இருக்கும்போது மீன் வேண்டாம். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா வந்துவிட்டது, நைட்ரைட்டைத் தின்பது இன்னும் பெருகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான தொட்டியின் பில்டர் பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் உங்கள் பில்டரில் வையுங்கள், பாட்டில் பாக்டீரியாவைவிட அது நிச்சயம். தயாரா என்று பார்க்க, அமோனியம் குளோரைடு 0.33 கிராம் விட்டால் அமோனியா 2 பிபிஎம் ஏறும். மறுநாள் இதே நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றால் தொட்டி தயார்.

மாற்றும் தண்ணீரை வெறும் போரிலிருந்து ஊற்றும் ஆசை வந்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: பிஹெச் 8.2, 28 டிகிரியில் அமோனியாவில் பத்தில் ஒரு பங்கு நச்சு வடிவில் இருக்கும். பிஹெச் 7ல் நூற்றில் ஒன்றுகூட இல்லை.

#19 புதுக்குளம்

மே வருகிறது. தண்ணீர் இப்போதே 31.

#20 வேலம்பாசி

மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் மேற்பரப்பைத் தொட்டாற்போல் சாய்வாக ஒரு சின்ன கிளிப் ஃபேன். காற்று வறண்ட ஊரில் நாலு டிகிரி இறங்கும், சென்னைப் புழுக்கத்தில் இரண்டு டிகிரி கிடைத்தால் லாபம். நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வற்றும். வற்றியதை ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் ஈடு செய்யுங்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. போர் தண்ணீரை ஊற்றி ஈடு செய்தால் கோடை முடிவதற்குள் டிடிஎஸ் இரண்டு மடங்காகும், "திடீர்னு செடி எல்லாம் நின்னுடுச்சு" என்று வந்து கேட்பீர்கள்.

ஐஸ் கட்டி போடாதீர்கள். ஏறி இறங்கும் சூடு நிலையான 31ஐவிட மோசம்.

கரண்ட் போனால் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய) பில்டருக்குள் ஆக்சிஜன் தீரும். நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அப்படியே ஆன் செய்யாதீர்கள், உள்ளே கெட்ட தண்ணீர் முழுதும் தொட்டிக்குள் வரும். திறந்து கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓட்டுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 32ல் 7.3தான். ராத்திரி செடியும் அதையே சுவாசிக்கும்.

#21 புதுக்குளம் (ஒன்பதாவது வாரம்)

அமோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 10. வாலிஸ்நேரியா மூன்று கன்று விட்டிருக்கிறது. கிரிப்டில் புது இலை. ஃபேன் போட்டு 29. பில்டர் வாய் அருகே அனூபியாஸ் இலையில் மட்டும் கருப்பாகத் தாடி. மீன் எத்தனை, என்ன?

#22 நீர்ப்பிரமி

தாடி பிடித்த இலை இரண்டு மூன்றுதான் என்றால் வெட்டி எறியுங்கள். இல்லாவிட்டால் பில்டரை நிறுத்தி, 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 15 மில்லியை சிரிஞ்சில் எடுத்து அதன் மேல் மெல்ல விட்டு, கால் மணி நேரம் கழித்து ஓட்டுங்கள். இரண்டு நாளில் சிவக்கும், பிறகு வெளுக்கும். குளூட்டரால்டிஹைடு மருந்து மட்டும் வேண்டாம், வாலிஸ்நேரியா அதில் கரைந்துபோகும்.

#23 கூழாங்கல்

29 டிகிரிக்கு, இந்தத் தண்ணீருக்கு: எம்பர் டெட்ரா எட்டு, தேன் கௌராமி ஒரு ஜோடி. பாசிக்கு நெரைட் நத்தை இரண்டு, அது நன்னீரில் குஞ்சு பொரிக்காது, பெருகும் பயமில்லை. முதலில் டெட்ரா நாலு, பத்து நாள் கழித்து மிச்சம். தங்கமீன் வேண்டாம், ஒரே வாரத்தில் நீர்ப்பிரமி முழுதும் சாப்பாடாகிவிடும்.

#24 நீர்ப்பிரமி

பெயரைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

#25 கிணத்தடி

வாலிஸ்நேரியாக் கன்றைத் தாயில இருந்து இப்பவே அறுக்காதேங்கோ தம்பி. நாலு இலை வந்து, சொந்த வேர் ஒரு அங்குலம் போனாப் பிறகு கத்தரியுங்கோ.